பதினான்காம் வீடியோவின் கேள்வி

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. எங்கள் சட்டக் கல்லூரி என்னிடம் இரண்டு பக்க அறிக்கை ஒன்று கேட்டது. வெளியில் தயாரித்து விற்கும் இணையப் பாடங்களை வைத்து, ஊரடங்கில் ஒரு பருவம் முழுக்கச் சட்டம் நடத்திய அனுபவத்தை எழுதித் தர வேண்டும். நான் கல்லூரியின் நூலகர். அந்தப் பாடங்களைத் தேடி எடுத்ததும், சனிக்கிழமைதோறும் திரையில் ஓட்டியதும் நான்தான். ஒன்றரைப் பக்கம் தடையில்லாமல் ஓடியது. கடைசியாக ஒரு கேள்வி: 'சந்தித்த சிக்கல்கள்?' 'ஏதுமில்லை' என்று எழுதினேன்.

ஐம்பத்தாறு வயதில் நான் எழுதிய முதல் புனைகதை அந்த ஒரு சொல்தான். அது சரியாக வரவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: 'கடல் அன்று அமைதியாக இருந்தது.' கடலுக்கும் இந்தக் கதைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பனாய் தீவில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறவர்களுக்குக் கை தானாகவே கடலுக்குப் போய்விடும். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: 'சட்டம் என்பது என்ன என்று யோசிக்கும்போது...' யோசிக்கவில்லை. அடித்துவிட்டேன்.

மூன்றாவது: 'அனலிசா குமாபாஸுக்கு எழுபத்து மூன்று மதிப்பெண் போடப்பட்டது.'

இது பரவாயில்லை. கதை இங்கேதான் இருக்கிறது. எழுபத்தைந்து எடுத்தால்தான் தேர்ச்சி. அனலிசா ஏற்கனவே ஒரு பாடத்தில் தவறியவள். இரண்டாவது முறை தவறினால் கல்லூரியை விட்டுப் போக வேண்டும் என்பது எங்கள் விதி. அடுத்த பருவத்துக்கான பதிவு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. அதற்குள் அந்த எண் மாறாவிட்டால், முப்பத்து நான்கு வயதில் அவளுடைய வக்கீல் படிப்பு முடிந்துபோகும். பிலார் ஊர் நகராட்சியில், பிறப்பு இறப்புப் பதிவு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண் அவள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வர ஆறு வருடமாகக் காத்திருந்து இந்தப் படிப்பில் சேர்ந்தாள்.

(அந்த மூன்றாவது வாக்கியத்தில் ஒரு திருட்டுத்தனம் இருக்கிறது. 'போடப்பட்டது' என்று எழுதியிருக்கிறேன். யார் போட்டது என்று சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், வருகிறேன்.)

3

தயார்ப் பாடம் என்றதும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். மணிலாவில் ஒரு நிறுவனம் செய்தது, பெயர் எதற்கு. ஒப்பந்தச் சட்டம், பதினான்கு வீடியோக்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஓர் அட்டர்னி (இங்கே வக்கீல்களை அப்படித்தான் அழைப்போம்) தெளிவாக, நிதானமாக, யாரையும் திட்டாமல் நடத்துவார். இருபத்தொன்பது வருடமாக இந்தத் தீவில் இருக்கிறேன். இத்தனை ஒழுங்காக யாரும் பாடம் நடத்தி நான் கண்டதில்லை. எங்கள் மாணவர்களில் ஒரு போலீஸ்காரர் உண்டு. ரோந்து வண்டியில் உட்கார்ந்தபடியே வகுப்புக்கு வருவார். முதல் வீடியோ முடிந்ததும் அவர் கேட்டார், "மேம் வள்ளி, இவர் யாரையும் அவமானப்படுத்தவே இல்லயே. இது நெசமாவே சட்ட வகுப்புதானா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்களுடைய முறை வேறு. ஒவ்வொரு மாணவருக்கும் புகைப்படம் ஒட்டிய அட்டை ஒன்று உண்டு. ஆசிரியர் அட்டைகளைச் சீட்டு மாதிரிக் கலைத்து ஒன்றை உருவுவார். அந்தப் பெயருக்கு உரியவர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலுக்குத்தான் மதிப்பெண். முப்பத்தெட்டு அட்டைகள்.

தயாரித்தவர்கள் இதையும் யோசித்திருந்தார்கள். ஒவ்வொரு வீடியோவின் முடிவிலும் ஒரு கேள்வி. பிறகு ஒரு நிமிடம் அந்த வெள்ளைச் சட்டைக்காரர் நம்மைப் பார்த்துக்கொண்டே பேசாமல் இருப்பார். அப்போது நான் வீடியோவை நிறுத்துவேன், அட்டையை உருவுவேன், மூன்று பேரை எழுப்புவேன். பிறகு வீடியோவை ஓடவிட்டால் அவரே சரியான பதிலைச் சொல்வார். கூடவே ஒரு தாள், பதிலில் இருக்க வேண்டிய மூன்று விஷயங்கள், மூன்று கட்டங்கள். இருந்தால் டிக்.

பதினான்கு வாரம், வாரம் மூன்று பேர். எல்லோருக்கும் ஒரு முறை வந்தது, அதிர்ஷ்டம் கெட்ட நான்கு பேருக்கு இரண்டு முறை. வாய்ப்பதிலுக்கு இருபது மதிப்பெண். அனலிசாவின் அட்டை பதினான்காம் வாரம்தான் வந்தது, கடைசி ஆளாக.

4

கேள்வி இதுதான். படகு செய்யும் ஒருவர், ஜூன் முதல் தேதி ஒரு மீனவருக்குப் படகு தருவதாக ஒப்புக்கொள்கிறார். தேதி தாண்டுகிறது, தரவில்லை. மீனவர் இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போகிறார். காபி குடிக்கிறார், மழையைப் பற்றிப் பேசுகிறார், திரும்பிவிடுகிறார். இருபதாம் தேதி புயல் வந்து படகை உடைத்துவிடுகிறது. படகு செய்தவர் பொறுப்பா?

சட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி.* தேதி தாண்டினால் மட்டும் தாமதம் ஆகிவிடாது. 'கொடு' என்று கேட்டிருக்க வேண்டும். கேட்ட பிறகும் தராமல் இருந்தால்தான் தாமதம், அப்படித் தாமதத்தில் இருப்பவருக்குப் புயல் சாக்கு ஆகாது.

(* எனக்கும் சட்டம் தெரியாது. வீடியோவை நான்கு முறை பார்த்துக் கற்றுக்கொண்டது.)

முதல் இரண்டு பேர், மீனவர் கேட்கவில்லை, ஆகவே தாமதம் இல்லை, ஆகவே பொறுப்பு இல்லை என்றார்கள். மூன்று டிக், மூன்று டிக். அடுத்து, "குமாபாஸ்," என்றேன்.

அவள் எழுந்து நின்றாள். வீட்டிலிருந்து, அலுவலகத்திலிருந்து, வண்டியிலிருந்து, எங்கிருந்தாலும் எங்கள் மாணவர்கள் எழுந்துதான் நிற்பார்கள். நின்றதும் தலை படத்தை விட்டு வெளியே போய்விடும். ஆகவே நான் பார்த்தது ஒரு நகராட்சிச் சீருடையின் சட்டைப்பையையும், பின்னால் அடுக்கியிருந்த பிறப்புப் பதிவேடுகளையும்தான்.

"படகு செஞ்சவர்தான் பொறுப்பு மேம். கேட்டாச்சு."

"கேட்டதா கேள்வியில இல்லயே இண்டாய்." இளைய பெண்களை இங்கே அப்படித்தான் செல்லமாகக் கூப்பிடுவோம்.

"ரெண்டு தடவ வீட்டுக்குப் போயிருக்காரே மேம்."

"போய்க் காபி குடிச்சாரு. மழையப் பத்திப் பேசினாரு. அவ்ளோதான் இருக்கு."

"எங்கப்பா படகு செய்யறவர் மேம். படகுக்குச் சொல்லி வெச்சவங்க மழையப் பத்திப் பேச எங்க வீட்டுக்கு வரமாட்டாங்க. அவங்க வீட்லயும் அதே மழதானே பெய்யுது."

சிலர் சிரித்தார்கள். போலீஸ்காரர், "அட்டர்னி குமாபாஸ் வாதத்தத் தொடரலாம்," என்றார்.

அவள் தொடர்ந்தாள். "மொத தடவ வந்து காபி குடிச்சுட்டுப் போனா, எங்கம்மா எங்கப்பாவ ஒரு பார்வ பாப்பாங்க. ரெண்டாந் தடவ வந்துட்டா எங்கப்பா மத்த வேலயெல்லாம் தள்ளி வெச்சுட்டு அந்தப் படகுல கை வெப்பாரு. அதுக்கு மேல 'குடு'ன்னு யாரும் வாய்விட்டுக் கேக்க மாட்டாங்க மேம். கேட்டா அது சண்ட. கேக்கறது முடிஞ்சதுக்கப்புறம் வர்றது அது."

நான் வீடியோவை ஓடவிட்டேன். வெள்ளைச் சட்டைக்காரர் புன்னகைத்தார். அந்த இரண்டு வருகைகளும் உங்களைக் குழப்புவதற்காக வைத்தவை, நட்புக்காக ஒரு வீட்டுக்குப் போவது கோரிக்கை ஆகாது என்றார். தாளைப் பார்த்தேன். மூன்று கட்டங்களில் ஒன்றிலும் அவள் பதில் பொருந்தவில்லை.

பூஜ்யம் போட்டேன்.

ஆமாம், நான்தான் போட்டேன். முப்பத்தெட்டு பேருக்கும் நான்தான் போட்டேன். சட்டம் படிக்காத, வக்கீல் இல்லாத, ஆசிரியரும் இல்லாத நூலகர். மாணவர்களைப் பொறுத்தவரை பாடத்தின் ஆசிரியர் அட்டர்னி எவரிஸ்தோ பல்மாரெஸ். திரையின் மூலையில் ஒரு கறுப்புக் கட்டத்தில் அவர் பெயர் இருக்கும். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவர்தான் மதிப்பெண் போடுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். கட்டத்துக்குப் பின்னால் யாரும் இல்லை.

5

அட்டர்னி பல்மாரெஸ் என்ற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முதல் வரைவில் அவரைச் சோம்பேறியாக எழுதினேன். எழுதச் சுகமாக இருந்தது. எழுபது வயது, ஓய்வுபெற்ற நீதிபதி, கணினியைக் கண்டால் முகம் சுளிப்பவர், மூன்றாவது வாரமே "நீயே பாத்துக்கோ வள்ளி, பதில்தான் அதுலயே இருக்கே" என்று கழன்றுகொண்டவர். எல்லாம் நடந்தவைதான். ஆனாலும் அந்த வரைவு பொய்.

வகுப்பறையில் அவர் அட்டையை உருவியதும் நடந்துபோய் அந்த மாணவரின் பக்கத்தில் ஒட்டி நிற்பார். பயமுறுத்துவதற்காக என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவருக்குக் காது கேட்பது குறைந்து வருடங்கள் ஆகின்றன, நின்றது அதற்காக. திரையிலோ விட்டுவிட்டு வரும் குரல், தலையில்லாமல் நிற்கும் உடம்புகள், உதட்டைப் பார்க்கவும் வழியில்லை. இரண்டு வாரம் கேட்க முயன்றார், டிக் போட்டது அப்போதும் நான்தான். ஒரு பெண்ணின் சரியான பதிலை உளறல் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் அந்தக் கறுப்புக் கட்டம். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை.

மதிப்பெண்கள் அலுவலகத்துக்குப் போன பிறகு, அனலிசாவின் பதிலைத் தாளில் எழுதி அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஏன் போனேன் என்றால், அவள் பதில் எனக்கு மறக்கவில்லை. மற்ற நாற்பத்தொன்றும் மறந்துவிட்டன.

சாந்தோல் பழம் உரித்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு மூன்று முறை படித்தார்.

"யாரோட பதில்?"

"குமாபாஸ், அட்டர்னி. பிலார் பொண்ணு."

"நீ எவ்ளோ போட்ட?"

விரலை வட்டமாக மடக்கிக் காட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இது சரியா தப்பான்னு நானும் நீயும் ஒரு மணி நேரம் சண்ட போடலாம். சண்ட போட முடியற பதிலுக்கு சைபர் கெடையாது. நான் கேட்டிருந்தா பதினெட்டு போட்டிருப்பேன். ரெண்டு மார்க், சட்டப் பிரிவு நம்பர் சொல்லாததுக்கு."

"அப்ப மாத்திடுங்க அட்டர்னி."

"மாத்தணும்னா கூட்டல்ல தப்புன்னு சத்தியப் பத்திரம் குடுக்கணும். கூட்டல்ல தப்பா?"

"இல்ல."

"நாப்பது வருஷம் மத்தவங்களச் சத்தியம் பண்ண வெச்சவன் நான்."

"அப்போ நடந்ததயே எழுதுங்க. மார்க் போட்டது நூலகர்னு."

"எழுதலாம். எழுதினா குமாபாஸோட சைபர் மட்டும் செல்லாமப் போகாது. முப்பத்தெட்டும் செல்லாது. எல்லாரும் முதல்லேருந்து வரணும். உன் வேலையும் போகும்." ஒரு சுளையை வாயில் போட்டுக் கொட்டையைத் துப்பினார். "நானா போய்ச் சொல்ற தைரியம் எனக்கு இல்ல வள்ளி. நீ போய்ச் சொன்னா, இல்லன்னு மறுக்கற அளவுக்குக் கேவலமானவனும் இல்ல."

அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் கதைக்காக மாற்றவில்லை.

6

இந்தப் பகுதியை முதலில் சேர்க்க நினைக்கவில்லை. அனலிசா நல்ல பெண் என்று காட்ட ஒரு சின்னக் காட்சி வேண்டும் என்பதற்காக எழுதத் தொடங்கினேன்.

முடிவுகள் வந்த சனிக்கிழமை அனலிசா என் வீட்டுக்கு வந்தாள். பிலாரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம். மரவள்ளிக் கிழங்கு கேக் கொண்டுவந்திருந்தாள். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்து காபி குடித்தாள். மதிப்பெண் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் கொய்யா மரத்தில் பூச்சி விழுந்திருப்பதைப் பார்த்துச் சாம்பல் தூவச் சொன்னாள். என் கணவர் நெஸ்தர் கப்பலிலிருந்து எப்போது வருவார் என்று விசாரித்தாள். போய்விட்டாள். மனசில் எதையும் வைத்துக்கொள்ளாத பெண் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தாள். அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு என்றாள். மறுபடி காபி. கொய்யா மரத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"சாம்பல் போடலயா மேம்?"

"மறந்துட்டேன் இண்டாய்."

"பரவால்ல மேம். வெள்ளிக்கிழம ஆபீஸ் அஞ்சு மணி வரைக்கும் இருக்கும்ல?"

"இருக்கும். ஏன்?"

"நூலகப் புத்தகம் ஒண்ணு எங்கிட்ட இருக்கு. குடுத்துடலாம்னு. சும்மாதான் கேட்டேன்."

நல்ல பெண், பொறுப்பான பெண், புத்தகத்தைக்கூட நினைவில் வைத்திருக்கிறாள் என்று இந்த இடத்தில் ஒரு வாக்கியம் எழுதினேன். அதை எழுதும்போதுதான்

(அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.)

அவள் என்னிடம் கேட்டுவிட்டாள். இரண்டு முறை. கேட்பது என்றால் என்ன என்று முப்பத்தேழு பேர் முன்னால் எனக்கு விளக்கிச் சொன்னவள், அதே மாதிரி வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். நான் கேக்கைச் சாப்பிட்டேன். அட்டர்னி வீட்டுக்கு அவள் போகவில்லை, நேராக என் வீட்டுக்கு வந்தாள். கட்டத்துக்குப் பின்னால் யாரும் இல்லை என்பது அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

ஆக, செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் தாமதத்தில் இருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

7

முடிவுகள் மூன்று கையிருப்பில் உள்ளன.

அ. நான் போய்ச் சொல்கிறேன். முப்பத்தெட்டு பேரின் பருவமும் ரத்து. ரோந்து வண்டிக்குள் எழுந்து நிற்க முடியாமல் குனிந்து நின்று பதில் சொன்ன போலீஸ்காரரும், மருத்துவமனை மாடிப்படியில் பாதுகாப்பு உடையோடு நின்ற செவிலியும் மறுபடி முதலிலிருந்து. யாரால் என்று விசாரிப்பார்கள். எங்கள் ஊரில் பதில் அரை நாளில் கிடைத்துவிடும், அந்தப் பதில் என் பெயராக இருக்காது. அனலிசாவுக்கு இடம் கிடைக்கும், அந்த இடத்தைச் சுற்றி முப்பத்தேழு முகங்கள் இருக்கும்.

ஆ. நான் சொல்லவில்லை. முப்பத்தேழு பேர் அடுத்த பருவத்துக்குப் போகிறார்கள். அனலிசா ஜன்னலுக்குப் பின்னால் குழந்தைகளின் பெயர்களை எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் ஓய்வு பெறுகிறேன், கேக் வெட்டுகிறார்கள்.

இ. 'டீன் புன்னகைத்து, குமாபாஸுக்கு மட்டும் மறுதேர்வு வைத்துவிடலாம் என்று...' இதை நான்கு முறை எழுதிப் பார்த்தேன். எங்கள் டீன் புன்னகைக்கவே மறுக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு வரைவில் அனலிசாவின் பதிலைக் கொஞ்சம் கெடுத்தேன். 'அதுக்கு மேல யாரும் வாய்விட்டுக் கேக்க மாட்டாங்க' என்ற இடத்தை எடுத்துவிட்டேன், நடுவில் இரண்டு திக்கல் சேர்த்தேன். உடனே 'ஆ' முடிவு கச்சிதமாகப் பொருந்தியது. வாசித்துப் பார்த்தால் யாருக்கும் உறுத்தாது. கதை எழுதுகிறவருக்கு இது எத்தனை சுலபம் என்று தெரிந்ததும் பயந்துபோய் அந்த வரைவைக் கிழித்துவிட்டேன். நீங்கள் மேலே படித்தது அவள் சொன்னபடியே சொன்னது. வகுப்பின் ஒளிப்பதிவு இருக்கிறது.

8

இதை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. தமிழில் வாசிப்பதால் உங்களுக்கு அது கேள்வியாகவே தோன்றியிருக்காது.

இருபத்தொன்பது வருடமாக நான் சண்டை போட்டதும், கும்பிட்டதும், அறிக்கை எழுதியதும் இந்தத் தீவின் இலோங்கோ மொழியிலும் ஆங்கிலத்திலும்தான். இது ஒன்றை மட்டும் தமிழில் எழுதுகிறேன். மாணவர்கள் முப்பத்தெட்டு பேரில் ஒருவருக்கும் இது படிக்கத் தெரியாது. அட்டர்னிக்குத் தெரியாது, டீனுக்குத் தெரியாது, நெஸ்தருக்கும் தெரியாது. ஒன்றையும் மறைக்காமல் எல்லா உண்மையையும் சொல்லிவிட்டேன், யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களை மட்டும் விட்டுவிட்டு. எட்டுப் பகுதி எழுதிய பிறகுதான் இது எனக்கே விளங்குகிறது.

'முடிவை வாசகரிடம் விட்டுவிடுகிறேன்' என்று கடைசி வரியை முதலிலேயே எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். நீங்கள் கண்ணியமானவர்கள், எனக்கு வசதியான ஒரு முடிவைக் கொடுத்துவிடுவீர்கள். முடிவு உங்களுடையது அல்ல, என்னுடையதும் அல்ல. அது அனலிசாவுடையது, என் கையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்று வெள்ளிக்கிழமை. மணி நாலேகால். கல்லூரிக்கு டிரைசிக்கிளில் இருபது நிமிடம். கதையை முடித்துவிட்டுப் போகலாம், முடித்துவிட்டுப் போகலாம் என்று காலையிலிருந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் ஒரு பத்தி எழுதினால் நன்றாக முடிந்துவிடும், என்ன எழுத வேண்டும் என்றும் தெரியும். அதை எழுத இன்னொரு அரை மணி நேரம் ஆகும், அதனால் நான் இதை